பழைய டிராக்டருக்கு எனாமலா, என்.சி.யா, பி.யூ.வா?

பழைய மாஸி பெர்குசன் 1035 ஒன்றை வாங்கி இன்ஜின், கிளட்ச், ஹைட்ராலிக் வேலையெல்லாம் முடித்துவிட்டு பெயின்ட்டுக்கு வரும்போது பெரும்பாலும் கையில் காசு இருக்காது. ஹார்டுவேர் கடைக்காரர் எனாமலே போதும் என்பார். பட்டறையில் கேட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ், தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும் பெயின்ட்) அடித்துவிடலாம், நாளைக்கே வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பக்கத்து ஊரில் யாரோ பி.யூ. (பாலியூரித்தேன், இறுக வைக்கும் ஹார்டனர் திரவத்தைக் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்துக் கண்ணாடி மாதிரி நிறுத்தியிருப்பார், அதைப் பார்த்ததும் மனசு அங்கே போய்விடும். நான் சொல்வது இதுதான்: உழவுக்குப் போகிற வண்டி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சிலுக்கு எனாமல், பானட்டுக்கும் மட்கார்டுக்கும் முடிந்தால் பி.யூ., முடியாவிட்டால் அதற்கும் எனாமலே. என்.சி. வேண்டாம்.

எதை வாங்குவதற்கு முன்னாலும், வண்டியில் இப்போது இருப்பது என்ன பெயின்ட் என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து மறைவான இடத்தில் கொஞ்ச நேரம் அழுத்தித் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் என்.சி., தோல் மாதிரி சுருங்கி எழும்பினால் எனாமல், ஒன்றுமே ஆகவில்லை என்றால் ஹார்டனர் கலந்த பெயின்ட்டாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் பழைய எனாமல் மேல் என்.சி.யையோ பி.யூ.வையோ அடித்தால் அந்தத் தின்னர் அடியில் இருப்பதைக் கிளப்பிவிடும், பிறகு மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். எனாமல் மேல் எனாமல் அடிக்க அந்தப் பயம் இல்லை, நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும்.

என்.சி.யின் ஒரே பலம் வேகம். சில நிமிடங்களில் காய்ந்துவிடும், தூசு ஒட்டாது, வழிந்தாலும் தேய்த்துவிட்டு உடனே மறுபடி அடிக்கலாம். பட்டறைக்கு அது லாபம், நமக்கு இல்லை. கிட்டத்தட்ட பெயின்ட் அளவுக்கே தின்னர் ஊற்றி அடிப்பதால் ஒரு கோட்டில் படிவது மெல்லிய படலம்தான். கோட் மேல் கோட் அடித்து, காம்பவுண்டு (பாலிஷ் பசை) போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். அந்தக் கூலியையும் தின்னர் காசையும் கூட்டிப் பார்த்தால் டின் விலையில் தெரிந்த மலிவு காணாமல் போகும். எத்தனை வருடம் ஆனாலும் தின்னர் பட்டால் கரையும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், ஏனென்றால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிகிறது. சேற்றிலும் யூரியா மூட்டைக்கு நடுவிலும் கிடக்கிற வண்டிக்கு இது தாங்காது.

எனாமல் மெதுவாகக் காய்கிற பெயின்ட். தொட்டுப் பார்க்கவே சில மணி நேரம், அடுத்த கோட்டுக்கு ஒரு இரவு, முழுசாக இறுகுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல். அதுவரை டீசல் சிந்தினாலும் மூட்டையைச் சாய்த்து வைத்தாலும் தடம் விழும். ஸ்பிரே செய்தால் காய்வதற்குள் வைக்கோல் தூசு, கொசு எல்லாம் ஒட்டும், அதனால் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்க வேண்டும். ஆனால் இதை பிரஷ்ஷில் அடிக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். கம்ப்ரசர் வேண்டாம், பெயின்டர் கூலி வேண்டாம், லிட்டருக்கு ஒரு கோட்டில் சுமார் 10 சதுர மீட்டர் போகும், ஸ்பிரேயில் காற்றோடு போகிற நஷ்டமும் கிடையாது. இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் எல்லாம் வார்ப்பிரும்பு, மேற்பரப்பே கரடுமுரடு, அதில் பிரஷ் தடம் யார் கண்ணுக்கும் தெரியாது. சித்திரை வெயிலில் வெளியே நிறுத்தித் தடிமனாக அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே நின்று சுருங்கும். நிழலில், மெல்லிசாக, இரண்டு மூன்று கோட்.

எனாமலின் உண்மையான குறை சிவப்பு நிறத்தில் தெரியும். சில கோடை வெயில் பட்டதும் பானட் மேல்பக்கம் மங்கி, விரலால் தடவினால் பொடி ஒட்டும். பி.யூ. அங்கேதான் ஜெயிக்கிறது: ஹார்டனரோடு சேர்ந்து இறுகுவதால் வெயில், டீசல், உரம் எல்லாவற்றையும் தாங்கும், பளபளப்பும் நிற்கும். பெயின்ட், ஹார்டனர், அதற்கான தின்னர் மூன்றும் சேர்ந்து எனாமலைவிடப் பல மடங்கு ஆகும், கலந்ததைச் சில மணி நேரத்தில் அடித்து முடிக்கவும் வேண்டும், மிச்சம் டின்னிலேயே கல்லாகிவிடும். அதனால்தான் பானட், மட்கார்டு இரண்டோடு நிறுத்தச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். மூக்கில் கட்டும் துண்டும் தூசு மாஸ்க்கும் இதற்குப் பிரயோசனமே இல்லை. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசத்தோடு வேலை செய்கிற பட்டறையில் கொடுங்கள், வீட்டு வாசலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். எனாமல் சீக்கிரம் காயட்டும் என்று இந்த ஹார்டனரை அதில் ஊற்றுவதும் வேண்டாம்.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போதும் கவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். எண்பதுகளில் அடித்த சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வாட்டர் பேப்பரும் தண்ணீருமாகத் தேயுங்கள், காய்ந்த உப்புத்தாள் வேண்டாம்.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை மேல் பெயின்ட்டில் போடாமல் அடிவேலையில் போடுங்கள். கிரீஸ் பிடித்த பிளாக்கை டீசலில் கழுவிவிட்டு அப்படியே அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணெய்ப் படலம் மேல் எந்த பெயின்ட்டும் நிற்காது. டீசலுக்குப் பிறகு சோப்புத்தூள் தண்ணீர், காய்ந்ததும் தின்னர் துணி. எனாமலுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் சரி. பி.யூ. அடிக்கிற தகட்டுக்கு இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு எபாக்சி பிரைமர்தான். ரெட் ஆக்சைடு மேல் பி.யூ. அடித்தால் முதலில் சொன்ன மாதிரி கிளம்பிவிடும்.

நிறத்துக்கு டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெயில் படாத அசல் நிறம் அங்கே இருக்கும். அந்த மூடியையே கழற்றிக்கொண்டுபோய் கலர் கலக்கும் கடையில் காட்டலாம். எச்.எம்.டி. வண்டிக்கு இதுதான் வழி, அந்த டிராக்டர் ஆலையை மூட 2016லேயே முடிவெடுத்துவிட்டார்கள். சிவப்பு மாஸிக்கு ரெடிமேட் டின்னில் சிக்னல் ரெட், பி.ஓ. ரெட் (போஸ்ட் ஆபீஸ் சிவப்பு) இரண்டும் கிடைக்கும்; இரண்டையும் பழைய தகட்டில் தடவி, காய்ந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சைலன்சருக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது, கருகி உதிரும், சூடு தாங்கும் அலுமினியம் பெயின்ட் தனியாகச் சின்ன டின் வாங்க வேண்டும். சக்கர ரிம்முக்கு சாதாரண சில்வர் எனாமலுக்கு மேல் செலவு செய்யாதீர்கள். சேற்றுழவில் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தை மாட்டிக் கழற்றும்போது எதுவானாலும் உரிந்துதான் போகும், வருடத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷால் தொட்டுக்கொண்டால் சரி.