டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் ஆலயமும் போதகர் இல்லமும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்காமரியில், சட்டமன்றக் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் டெக்ஸ்டர் அவென்யூ ஆலயத்தை மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவிடமாக எண்ணியே பெரும்பாலோர் பார்க்க வருகிறார்கள். ஒரு சபை தனக்கான போதகரை எப்படித் தேடியது, வந்தவர் அந்தச் சபையை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று அறிய விரும்புவோருக்கே இந்த இடம் முழுப் பயன் தரும் என்பது என் கருத்து.

1877இல் தொடங்கிய கறுப்பினத்தவர் சபை இது. இப்போதுள்ள செங்கல் ஆலயம் 1889இல் கட்டி முடிக்கப்பட்டது. பிரமாண்டத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இதன் அளவு சற்று வியப்பைத் தரக்கூடும்.

பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பேராயர் கிடையாது. நம் ஊர் சி.எஸ்.ஐ. திருச்சபையில் நடப்பதுபோல மேலிடம் போதகரை மாற்றி அனுப்பாது. சபையாரே குழு அமைத்து, தகுதியானவரை வரவழைத்து, பிரசங்கம் கேட்டு, கூடி முடிவெடுத்து அழைக்க வேண்டும். டெக்ஸ்டரோ படித்தவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் நிறைந்த, ஆராதனையில் ஆரவாரத்தை விரும்பாத சபை. கிங்குக்கு முன்பிருந்த வெர்னன் ஜான்ஸ் நிறவெறியை வெளிப்படையாகச் சாடியதோடு, சபையார் முகம் சுளிக்கும்படி காய்கறி வியாபாரமும் செய்தார். ராஜினாமாவைப் பலமுறை நீட்டிய அவருடைய கடிதத்தைச் சபை கடைசியில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அடுத்து அமைதியான ஒருவர் வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் வியப்பில்லை. 1954 ஜனவரியில் 25 வயது கிங் வந்து பிரசங்கித்தார், சபை அழைத்தது. போதகர் இல்லத்துக்கு வேண்டிய அறைக்கலன்களை முழுமையாகத் தர வேண்டும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வை முடிக்க அவகாசம் வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அவர் இசைந்தார். செப்டம்பரில் பொறுப்பேற்ற கையோடு சபையார் முன் அவர் வைத்த பரிந்துரைகள் இன்னும் சுவையானவை: போதகரின் அதிகாரம் சபை தருவது மட்டுமன்று, கடவுளிடமிருந்து வருவது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றார். தேர்ந்தெடுத்தவர்களிடமே இப்படிப் பேசத் துணிவு வேண்டும். கேட்டுக்கொண்ட சபைக்கும் பெருந்தன்மை இருந்திருக்கிறது. மறு ஆண்டு டிசம்பரில், நகரப் பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்புக்கான ஆலோசனைக் கூட்டம் இந்த ஆலயத்தின் கீழ்த்தளத்தில்தான் கூடியது. கிங்கின் வாழ்வைச் சித்திரிக்கும் பெரிய சுவரோவியமும் அங்கேதான் இருக்கிறது.

சவுத் ஜாக்சன் தெருவிலுள்ள போதகர் இல்லம் இப்போது அருங்காட்சியகம். 1920 முதல் 1992 வரை 12 போதகர்கள் குடியிருந்த, மரப்பலகைச் சுவர்கள் கொண்ட வீடு அது. 1956 ஜனவரி 30 இரவு வீசப்பட்ட குண்டு முன் திண்ணையின் சிமெண்டுத் தரையில் உண்டாக்கிய சிறு பள்ளத்தை இன்றும் காணலாம். அதற்குச் சில நாட்களுக்கு முன், நள்ளிரவில் மிரட்டல் தொலைபேசி அழைப்பு வந்தபின் கிங் உட்கார்ந்து ஜெபித்த சமையலறையும் உள்ளே இருக்கிறது.

ஆலயம் இன்றும் ஆராதனை நடக்கும் இடம் என்பதால், சுற்றிப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. இரண்டும் அடுத்தடுத்து இல்லை. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் போதகர் இல்லத்துக்குச் செல்லுங்கள்.