புஷ்கர் மேளாவில் ஒட்டகம் பார்க்கப் பௌர்ணமிக்குப் போகாதீர்கள்

2024 நவம்பர் 13-ஆம் தேதி மாலை நானும் அம்மாவும் ராஜஸ்தானின் புஷ்கரில் போய் இறங்கினோம். இரண்டு இரவுக் கூடாரம், ஒட்டக வண்டிப் பயணம், மேளா நுழைவுச் சீட்டு என எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். 'ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள், மேளாவின் உச்ச நாட்கள்' என்று எழுதித்தான் சென்னையில் இருக்கும் அந்தப் பயண முகவர் விற்றார். மறுநாள் விடிந்ததும் மணல்மேடுகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். விற்பனைக்காக வந்து நின்ற ஒட்டகங்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. மற்றவை எல்லாம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒட்டகங்கள்.

டீக்கடைக்காரரிடம் சந்தை எங்கே என்று கேட்டேன். "சந்தை முடிந்துவிட்டது. எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்" என்றார். காலியான மணலில் தீவன மிச்சமும் சாணமும் அணைந்த அடுப்புக் கற்களும் கிடந்தன. அவ்வளவு தூரம் வந்து நான் பார்த்தது அதைத்தான்.

அதே முகவர் 2025-க்கும் அதே வாசகங்களோடு விளம்பரம் அனுப்பத் தொடங்கினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. புஷ்கரில் இரண்டு விழாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று கால்நடைச் சந்தை. தீபாவளி முடிந்து வளர்பிறை பிறந்ததும் மேய்ச்சல்காரர்கள் ஒட்டகம், குதிரை, மாடுகளோடு மணலில் வந்து தங்குவார்கள். பேரம், பல் பார்ப்பது, கைமாறுவது எல்லாம் பெரும்பாலும் தசமிக்குள் முடிந்துவிடும். இன்னொன்று தீர்த்தமாடும் விழா. அது ஏகாதசி தொடங்கிப் பௌர்ணமி வரை ஐந்து திதி. அந்த நாட்களில் லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் ஏரியில் நீராட வருகிறார்கள், மைதானத்தில் ராட்டினம் சுற்றுகிறது, மீசைப் போட்டியும் தலைப்பாகை கட்டும் போட்டியும் நடக்கின்றன. வியாபாரம் முடித்த மேய்ச்சல்காரர்கள் கூட்டம் பெருகும் முன்பே ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். 2024-ல் வளர்பிறை நவம்பர் 2-ல் பிறந்தது, ஏகாதசி 12, பௌர்ணமி 15. ஒட்டகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் 5-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதிக்குள் போயிருக்க வேண்டும். முகவரிடம் இந்த ஆசையைத் தெளிவாகச் சொல்லித்தான் தேதி கேட்டேன். அவர் 13 முதல் 15 வரை என்றார். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடார வாடகை உச்சத்தில் இருக்கும். அதனால்தான் அந்தத் தேதி.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 'கார்த்திகைப் பௌர்ணமி' என்று முகவர் எழுதியிருந்ததைப் பார்த்து, திருவண்ணாமலை தீபத்தை ஒட்டிய நாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். வடநாட்டுக் கணக்கில் மாதம் சந்திரனைப் பார்த்துப் போகிறது, நம்முடையது சூரியனைப் பார்த்து. 2023-ல் இரண்டும் ஒட்டியே வந்தன. 2024-ல் தீபம் டிசம்பர் 13. புஷ்கரின் பௌர்ணமி நமக்கு ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். டிக்கெட் எடுத்த பிறகுதான் அது தெரிந்தது. நாற்பது ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கோயிலின் அன்னாபிஷேகத்தைத் தவறவிடாத அம்மா, எனக்காக அதை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். எனக்குப் பணம் போனதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இனி கூடாரம். 'மேளா மைதானத்துக்கு நடந்து போகும் தூரம்' என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்திருந்தார்கள். அஜ்மீரிலிருந்து நாக்பஹார் மலையைச் சுற்றி ஏறி இறங்கி, புஷ்கருக்குள் நுழைந்து, அதையும் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது. மைதானத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். மேளா நாட்களில் ஊருக்குள் வண்டிகளை விடுவதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குத் தனிப் பணம், பிறகு தடுப்பிலிருந்து நடை. வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். பாலைவன இரவின் குளிருக்கு ஒரு மெல்லிய கம்பளி. இன்னொன்று கேட்டதற்கு 300 ரூபாய் கேட்டார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நபருக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்த 'மேளா நுழைவுச் சீட்டு' என்ற அட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால், அங்கே சீட்டு கேட்க ஆளே இல்லை. மேளா மைதானத்துக்கு அனுமதி இலவசம். யாராவது நுழைவுக் கட்டணம் என்று கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டக வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. இரண்டு மணி நேரப் பாலைவன உலா என்பது, கூடாரங்களின் பின்புறச் சாலையில் நாற்பது நிமிடம் போய் வருவதாக இருந்தது. அது போகட்டும். வண்டியில் பூட்டியிருந்த ஒட்டகத்துக்குக் கழுத்து நிறைய சோழிகளும் குஞ்சமும் வைத்த கோர்பந்த் என்ற கழுத்தணி, காலில் சலங்கை, முதுகில் சிவப்புத் துணி. அலங்காரத்தைப் பார்த்து அம்மா பூரித்துப் போனார். இறங்கும்போதுதான் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒட்டகத்துக்கு மூக்கு மடலில் மரமுளை குத்தி, அதில் கயிறு கட்டித்தான் நடத்துகிறார்கள். இந்த ஒட்டகத்தின் முளையைச் சுற்றி சீழ் வடிந்து ஈ மொய்த்தது. கயிறு இழுபடும் ஒவ்வொரு முறையும் அது தலையை உதறிக் கத்தியதை, நாங்கள் மேலே உட்கார்ந்துகொண்டு அதன் இயல்பு என்று நினைத்திருந்தோம். ஓட்டிய பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒட்டகத்தை நாள் முழுவதும் ஓட்டச் சொல்லிக் காசு பார்ப்பவர் மேல்தான் கோபம்.

ஏறுவதற்கு முன் நீங்களும் பாருங்கள். மூக்கு முளையைச் சுற்றிப் புண் இருக்கிறதா, திமிலின் மேலும் நெஞ்சடியிலும் தோல் உரிந்திருக்கிறதா, துணியைச் சற்று விலக்கிக் காட்டச் சொன்னால் தயங்குகிறார்களா. ஒன்று மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் ஆண் ஒட்டகம் வாயில் நுரை தள்ளி, இளஞ்சிவப்புப் பை போன்ற ஒன்றை வெளியே தொங்கவிட்டுக் குளறும். அது நோய் அல்ல, இணைசேரும் பருவம். ஆனால் அந்த நேரத்தில் அதன் குணம் கெட்டிருக்கும், கடிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

அந்த முப்பத்தெட்டில் ஐந்துக்குச் சொந்தக்காரர் ஒரு ராய்கா பெரியவர். ராய்காக்கள், ரேபாரிகள் என்றும் சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்ப்பவர்கள். வெள்ளை உடை, பெரிய சிவப்புத் தலைப்பாகை. என் அரைகுறை இந்தியில் "பாபா, ஏன் நீங்கள் மட்டும் இன்னும் போகவில்லை?" என்றேன். விலை படியவில்லை என்றார். அம்மாவை "மாஜி, உட்காருங்கள்" என்று கோணிப்பை விரித்து உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். பார்வதி தேவி விளையாட்டாகக் களிமண்ணில் ஒட்டகம் பிடித்ததையும், சிவன் அதற்கு உயிர் கொடுத்ததையும், அது ஓயாமல் தொல்லை செய்யவே அதை மேய்க்க முதல் ராய்காவைச் சிவன் படைத்ததையும் சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மலர்ந்தது. "பிள்ளையார் பிடித்த கையால் ஒட்டகமும் பிடித்தாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முழுப் பயணத்திலும் நாங்கள் மனம் நிறைந்து இருந்த முக்கால் மணி நேரம் அதுதான். அதற்கு அவர் ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

அவர் நிலைமை நம் நிலைமையைவிட மோசம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் நான்கு லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-ல் இரண்டரை லட்சம். அவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானில்தான். டிராக்டர் வந்து வண்டி ஒட்டகத்தின் வேலை போனது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015-ல் அதைக் கொல்வதைத் தடைசெய்து, அனுமதியின்றி மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதையும் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். காக்கும் எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் வெளிமாநில வியாபாரிகள் வரத்து நின்று விலை விழுந்தது, வளர்ப்பவர்கள் கைவிடத் தொடங்கினார்கள். அண்மை ஆண்டுகளில் புஷ்கர் சந்தைக்கு வருபவற்றில் ஒட்டகத்தைவிடக் குதிரைகளே அதிகம். அவர் மகன் சூரத்தில் வேலை செய்கிறானாம். "பெண் ஒட்டகத்தை விற்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. இந்த முறை இரண்டு பெண் ஒட்டகங்களையும் ஓட்டிவந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களின் ஒட்டகங்களைப் படம் போட்டு விற்றுக் கூடாரக்காரர்களும் முகவர்களும் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பணத்தில் எதுவும் இவர்களிடம் வந்து சேர்வதில்லை. படம் எடுத்தால் மேய்ச்சல்காரர்கள் காசு கேட்கிறார்கள் என்று குறைசொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் கொடுங்கள். அதை ஏமாற்று என்று எண்ணாதீர்கள்.

ஏரிக்கரையில் நடந்தது வேறு. புஷ்கர் ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள். பௌர்ணமியன்று காலை ஒரு துறையில் அம்மா நீராடிவிட்டு ஈரப் புடவையோடு நிற்கும்போது, ஒருவர் கையில் ரோஜா இதழ்களைத் திணித்தார். வாங்கிவிட்டால் பூசை தொடங்கிவிட்டதாக அர்த்தம். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி, மந்திரம் சொல்லவைத்து, மறைந்த என் அப்பாவின் பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும், அவர் ஆன்மா கரையேற 5,100 ரூபாய் சங்கல்பம் செய்ததாகச் சொல்லிப் பணம் கேட்டார். நான் மறுத்தபோது, "கணவருக்காக இதுகூடக் கொடுக்க மாட்டாயா" என்று அம்மாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். அம்மா அழுதுவிட்டார். "கொடுத்துவிடு கண்ணு, அப்பா பெயரைச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம்" என்றார். 2,100 கொடுத்தேன். பரம்பரையாக அங்கே முறையாகப் பூசை செய்யும் புரோகிதர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்லவில்லை. பூசை வேண்டுமென்றால் நீங்களே ஆளைத் தேர்ந்தெடுத்து, தட்சிணையை முதலிலேயே பேசி முடியுங்கள். வேண்டாமென்றால் பூவைக் கையில் வாங்காதீர்கள்.

அங்கிருந்து நேராக ரங்ஜி கோயிலுக்குப் போனோம். நம் ஊர்க் கோபுரம் போலவே ஒரு கோபுரம், அந்த மணல் நாட்டில். அதைப் பார்த்ததும் அம்மா சற்றுத் தேறினார். வெளியே கடையில் 'ஒட்டக முடிப் போர்வை' என்று 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். ஊருக்கு வந்து ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தேன். முடியாக இருந்தால் தீய்ந்த முடி நாற்றம் வந்து சாம்பலாக உதிரும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. செயற்கை நூல். கடைக்காரரிடம் ஓர் இழை கேட்டு அங்கேயே சோதித்திருக்க வேண்டும்.

பணத்துக்காக என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: திரும்பியதும் முகவரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்த பிறகு 6,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ராஜஸ்தானுக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. என்னிடம் இருந்த பலம், 'நடந்து போகும் தூரம்' என்ற அந்த வாட்ஸ்அப் வரியும், நுழைவுச் சீட்டு அட்டையும்தான். பலவீனம், முன்பணத்தை ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பியது. நிறுவனத்தின் வங்கிக் கணக்கும் ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, புஷ்கர் பௌர்ணமி நவம்பர் 5. அந்த ஆண்டு ஒட்டகம் பார்க்க ஏற்ற நாட்கள் அக்டோபர் கடைசி வாரம். எந்த ஆண்டானாலும் இதே கணக்கில் பார்த்து டிக்கெட் எடுங்கள். சந்தையை நடத்துவது மாநிலக் கால்நடைத் துறை, அவர்கள் வெளியிடும் நிகழ்ச்சி நிரலில் கால்நடைச் சந்தைக்கும் சமய விழாவுக்கும் உரிய நாட்களைத் தனித்தனியே பாருங்கள். முகவர் சொல்லும் தேதி அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். இதே அனுபவம் 2024 நவம்பரில் வேறு யாருக்காவது நேர்ந்திருந்தால் அந்தச் சீட்டையும் செய்திகளையும் அழித்துவிடாமல் வையுங்கள். என் மனுவோடு சேர்க்கக் கேட்பேன்.