எந்தப் புட்டியில் எந்த ஊர்? ஐந்து ஜப்பானிய சாகேக்கள்

சாகே என்பது ஜப்பானியர்கள் அரிசியில் செய்யும் மது. ஜப்பானில் நல்ல சாகே கடைகளில் அலமாரியை ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அகிதாவுக்கு ஒரு தட்டு, நீகாதாவுக்கு ஒரு தட்டு, யாமாகுச்சிக்கு ஒரு தட்டு. இப்படி வட்டாரத்துச் சிறு ஆலைகளில் இருந்து வருவதை ‘ஜிசாகே’ என்பார்கள். ஊர்ச் சரக்கு என்று சொல்லலாம். தட்டுகளைப் பார்த்தால் ஊருக்கு ஒரு ருசி என்ற எண்ணம் தானாக வந்துவிடும். எடுத்துக் குடித்துப் பார்த்தால் கணக்கு அத்தனை நேராக இல்லை. ஒரு புட்டியில் ஊர் தண்ணீராக இருக்கிறது, இன்னொன்றில் பனியாக, வேறொன்றில் நெல்லாக. ஒன்றில் வெறும் முகவரியாக.

முதலில் ஒரு சிறு விளக்கம். திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஆவியில் வேகவைத்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். அது மாவைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். இரண்டும் ஒன்றையொன்று முந்தாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. கடைசியில் புட்டிக்குள் போவதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே அலசலைத் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம்.

கோபே, நிஷினோமியா நகரங்களின் கடற்கரையை ஒட்டிய நாதா வட்டாரமும், கியோத்தோவின் தெற்கே இருக்கும் ஃபுஷிமியும் பழைய போட்டிக்காரர்கள். நாதாவின் புகழுக்குக் காரணம் ‘மியாமிசு’ என்னும் கிணற்று நீர். யாமாமுரா தாசாஎமோன் என்பவருக்கு நிஷினோமியாவிலும் உஒசாகியிலும் ஆலைகள் இருந்தன. நிஷினோமியா சாகே எப்போதும் ஒரு படி மேலே நின்றது. ஒரே அரிசி, ஒரே முறை. ஆலைத் தலைவர்களை இடம் மாற்றிப் பார்த்தார், வித்தியாசம் போகவில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்று நீரை உஒசாகிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்; சாகே தேறிவிட்டது. 1840இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. அதற்குப் பிறகு அந்த நீரையே மற்ற ஆலைகளுக்கு விற்பதும் ஒரு தொழிலானது.

மியாமிசு கொஞ்சம் கடினமான நீர். நமக்கு உப்புத் தண்ணீர் என்றாலே முகம் சுளிக்கும், பருப்பு வேகாது என்போம். ஈஸ்டுக்கோ பொட்டாசியமும் பாஸ்பரஸும் தீனி. நொதித்தல் வேகமாக நடந்து சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோகும்; சாகே உலர்ந்து, அதாவது இனிப்பில்லாமல், விறைப்பாக வரும். சாகேயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் இரும்பு மியாமிசுவில் மிகக் குறைவு என்பது இன்னொரு அதிர்ஷ்டம். ஃபுஷிமி நீர் அதைவிட மென்மையானது. நொதித்தல் நிதானமாக நடக்கும், நாக்கில் வழுவழுப்பாக இறங்கும். நாதா ஆண் சாகே, ஃபுஷிமி பெண் சாகே என்று ஒரு பழைய வழக்கு உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. விறைப்பு, வழுவழுப்பு என்று சொன்னாலே விஷயம் முடிந்துவிடுகிறது.

நாதாவின் கிகு-மாசமுனே 1659இல் தொடங்கியது, ஃபுஷிமியின் கெக்கெய்கன் 1637இல். இரண்டும் இன்று சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டியில்கூடக் கிடைக்கும் பெரிய கம்பெனிகள். அதனாலேயே சாகே ரசிகர்கள் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. கிகு-மாசமுனேயை அப்படி ஒதுக்குவது தவறு என்பேன். ‘கிமோட்டோ’ என்ற பழைய முறையை அவர்கள் விட்டுவிடவில்லை. ஈஸ்டுக்குக் காவலாக லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், இயற்கையான பாக்டீரியா தானாகவே அதை உண்டாக்கும்வரை காத்திருக்கும் முறை அது. யோஷினோ தேவதாரு மிடாவில் வைத்து எடுக்கும் சாகேயும் அவர்களிடம் உண்டு. மூடியைத் திறந்ததும் புதிதாக இழைத்த பலகையின் வாசனை வரும்.

கிமோட்டோவை ஆறிப்போனபடி குடித்தால் கொஞ்சம் முரடுதான். பீங்கான் குடுவையில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி, 45 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குடுவையின் அடியைத் தொட்டால் சுடுகிறது, ஆனால் பிடிக்க முடிகிறது என்கிற பதம். முரட்டுத்தனம் மடங்கி அரிசியின் ருசி மேலே வரும். கெக்கெய்கனைச் சூடாக்கினால் இந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. அதன் பெருமை வேறு இடத்தில். குளிர்காலத்தில் மட்டும் நடந்துவந்த தொழிலை ஆண்டு முழுவதும் நடத்தும் ஆலையை ஜப்பானில் முதலில் கட்டியவர்கள் அவர்கள், 1961இல். இதை மனதில் வையுங்கள், பின்னால் தஸ்ஸாய் என்ற யாமாகுச்சி சாகேயிடம் வரும்போது தேவைப்படும்.

அடுத்தது நீகாதா. மென்நீர் என்றால் இனிப்பு என்ற சூத்திரம் இங்கே உடைகிறது. நீகாதாவில் உருகிய பனிநீர்தான், மென்மையானது. ஆனால் அந்த ஊர் சாகேயின் முத்திரையே ‘தான்ரெய் கராகுச்சி’, அதாவது லேசானது, உலர்ந்தது. காரணம் குளிரும் அரிசியும். பனிக்காலம் முழுக்கக் குளிரில் மெதுவாக நீண்டநாள் நொதிக்கிறது. 1957இல் பெயர் சூட்டப்பட்ட கோஹ்யாகுமாங்கோகு என்னும் உள்ளூர் நெல் தொட்டியில் எளிதில் கரையாது, அதனால் சாகே கனமில்லாமல் வருகிறது. போருக்குப் பிறகு அரிசித் தட்டுப்பாட்டில் ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்து அளவைப் பெருக்கிய சாகே நாடெங்கும் ஓடியது. அந்தத் தித்திப்பில் சலித்தவர்களுக்கு, நீகாதாவின் கோஷி-நோ-கான்பாய் போன்ற தெளிந்த சரக்கு அபூர்வப் பொருளாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1985இல் வந்த குபோத்தா அந்தப் பாணியை நகரத்து மேசைகளுக்குக் கொண்டுபோனது. மீனோடு குடிக்க இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். தனியாகக் குடித்தால், உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நல்ல தண்ணீர் மாதிரி இருக்கும். ஹக்கைசான் இன்னொரு நீகாதாக்காரர். சுமார் 1000 டன் பனியைக் குவித்து, மின் குளிரூட்டி இல்லாமல் அதன் குளிரிலேயே சாகேயை ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கும் கிடங்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். புட்டிக்குள் ஊர் இருக்கிறது என்று சொல்ல இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். குபோத்தாவைச் செய்வது நீகாதாவின் அசாஹி ஷுஸோ. தஸ்ஸாயைச் செய்தது யாமாகுச்சியின் அசாஹி ஷுஸோ. ஒலி ஒன்று, எழுத்து வேறு, உறவு கிடையாது. பீர் செய்யும் அசாஹி மூன்றாவது ஆள். யாமாகுச்சிக்காரர்கள் 2025இல் கம்பெனிப் பெயரையே தஸ்ஸாய் என்று மாற்றிக்கொண்டு பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள்.

சரி, தஸ்ஸாய். இவாகுனி நகரத்தின் மலைப்பகுதியில் இருக்கும் இந்த ஆலையை 1984இல் சகுராய் ஹிரோஷி தந்தைக்குப் பின் ஏற்றபோது அது நொடித்துக்கொண்டிருந்தது. 1990இல் தஸ்ஸாய் என்ற பெயரில் தோக்கியோவைக் குறிவைத்தார். 1999இல், ஆலையை நடத்திய ‘தோஜி’ என்னும் தலைமைக் கைவினைஞர் தன் ஆட்களோடு விலகிவிட்டார். சகுராய் வேறு தோஜியைத் தேடவில்லை. சம்பளத்துக்கு வரும் இளைஞர்களை வைத்து, குளிரூட்டிய கூடத்தில், வெப்பத்தையும் சர்க்கரை அளவையும் தினமும் அளந்து எழுதி, ஆண்டு முழுக்கச் செய்ய ஆரம்பித்தார். இதைப் புரட்சி என்று எழுதுகிறவர்கள் 1961ஐ மறந்துவிடுகிறார்கள். அதே வசதியை உயர்தர ஜுன்மாய் தைகின்ஜோவுக்கு மட்டும் பயன்படுத்தியதுதான் இவருடைய துணிச்சல்.

தைகின்ஜோ என்றால் அரிசியின் வெளிப்பகுதியைப் பாதியாவது தேய்த்து நீக்கியிருக்க வேண்டும். ஜுன்மாய் என்றால் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்த்திருக்கக் கூடாது. தஸ்ஸாய் 23 என்பதில் அரிசியில் மிஞ்சுவது 23 சதவீதம்தான். அரிசியாகப் போனது சின்ன ஜவ்வரிசி மாதிரி உருண்டு, வெள்ளையாக வெளியே வரும். நாள்கணக்கில் ஓடும் அந்த எந்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் தவிடும் மாவுமாகப் போய்விடுகிறது. கண்ணாடிக் கோப்பையில் குளிராக ஊற்றினால் முலாம்பழ வாசனை. முதல் கோப்பை அசத்தும். மூன்றாவதில் எனக்குத் திகட்டிவிடுகிறது.

இதில் யாமாகுச்சி எங்கே இருக்கிறது? அரிசி யாமாதா நிஷிகி மட்டும். அது ஹ்யோகோவில் பிறந்து 1936இல் பெயர் பெற்ற ரகம், பல மாகாணங்களிலிருந்து வாங்குகிறார்கள். 2023இல் நியூயார்க் மாகாணத்தின் ஹைட் பார்க்கில் ஆலை திறந்து அங்கேயும் செய்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் நொதிக்க வைக்கும் திட்டத்தையும் அறிவித்தார்கள். ஊரைவிட்டு இதற்கு மேல் விலக முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கே வாங்கினாலும் எந்த மாதம் வாங்கினாலும் ஏமாற்றாத சாகே அது. பரிசு கொடுக்க வேறு யோசனையே வேண்டாம்.

அகிதாவின் அராமாசா இதற்கு நேர் எதிர். 1852இல் தொடங்கிய ஆலை. 1935இல் ஜப்பானிய மது உற்பத்திச் சங்கம் நாடெங்கும் வழங்க ஆரம்பித்த ஆறாம் எண் ஈஸ்ட் இந்த ஆலையில் கண்டெடுக்கப்பட்டது. இன்றும் வழங்கப்படும் சங்க ஈஸ்டுகளில் மூத்தது இதுதான். எட்டாம் தலைமுறை சாதோ யூசுகே, தோக்கியோவில் எழுத்து வேலையில் இருந்தவர், 2007இல் திரும்பி வந்து ஒவ்வொரு வழியாக அடைத்தார். அகிதா அரிசி மட்டும். ஆறாம் எண் ஈஸ்ட் மட்டும். கிமோட்டோ மட்டும். எஃகுத் தொட்டிகளை விட்டு மரத் தொட்டிகளுக்கு மாறினார். அவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் அருகிக்கொண்டிருக்க, தொட்டி செய்யும் வேலையையும் தாமே கையில் எடுத்துக்கொண்டார்கள். உயாஷினாய் என்ற மலைக்கிராமத்தில் பூச்சிமருந்தில்லாத நெல் வயலும் அவர்களுடையது.

ருசியில் முதலில் வருவது புளிப்பு, பச்சை ஆப்பிளைக் கடித்தது போல. பல புட்டிகளில் ஆல்கஹால் 13 சதவீதம்தான். வழக்கமான சாகேயில் 15, 16. புட்டிக்குப் புட்டி மாறும், சில தடவை விசித்திரமாகவும் இருக்கும். எனக்கு அந்த மாற்றமே பிடித்திருக்கிறது. தஸ்ஸாய் கைக்குத் தப்பாமல் எழுதிய எழுத்து, அராமாசா பேச்சு.

ஆனால் அராமாசாவைச் சரியான விலைக்குப் பிடிப்பது பெரும்பாடு. மறுவிற்பனைக்காரர்கள் பல மடங்கு வைத்து விற்கிறார்கள். தஸ்ஸாய்க்கும் ஒரு காலத்தில் இதே கதி. அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள் என்று 2017 டிசம்பரில் அந்தக் கம்பெனியே நாளிதழில் விளம்பரம் கொடுத்து, உரிய விலையை அச்சிட்டது. விலையைவிட எனக்குக் கவலை, அந்த மறுவிற்பனைப் புட்டிகள் நின்ற இடம்தான். அராமாசா குளிரிலேயே இருக்க வேண்டிய சரக்கு. வெளிச்சம் விழும் கண்ணாடி அலமாரியில், சாதாரண வெப்பத்தில் அது நிற்பதைப் பார்த்தால், லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். அதே கடையின் கீழ்த்தட்டில் கிகு-மாசமுனே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வெந்நீர் வையுங்கள்.