பனிப்பாறையா, கிருஷ்ணகிரி அணை வண்டலா?

பழைய மாசைத் தேடுவோருக்கு இரண்டு சாட்சிகள்: பனியும் சேறும்.

பனியின் பலம் வரிசை. ஆண்டுக்கு ஓர் அடுக்கு, யாரும் கிளறுவதில்லை. ரோமானியர் வெள்ளிக்காக ஈயத் தாதுவை உருக்கிய புகைகூட கிரீன்லாந்துப் பனியில் இருக்கிறது. திபெத்தில் 7,200 மீட்டர் உயரத்திலுள்ள தாசுபு பனியாற்றில் 1780 வாக்கில் படிந்த உலோகத் துகள்கள் கிடைத்தன. ஐரோப்பாவில் எரித்த நிலக்கரி, இமயமலை உச்சியில்! ஈயப் பெட்ரோல் ஒழிந்ததும் கிரீன்லாந்துப் பனியில் ஈயம் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் பனி சொல்வது காற்றில் வந்ததை மட்டும். தென்பெண்ணையில் பெங்களூருக் கழிவுநீர் கலப்பதும், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதும் அதற்குத் தெரியாது. அதற்கு நம் அணையின் வண்டல்தான் சாட்சி. உலோகமும் பூச்சிமருந்தும் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அணுகுண்டு சோதனைகள் காற்றில் கலந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டதால், அது உள்ள அடுக்கைக் கொண்டு வயதும் கணிக்கலாம்.

குறை? அணை கட்டியதே 1950-களில். ஏரிகள் பழையவை, ஆனால் கோடையில் வற்றியதும் டிராக்டர் இறங்கி வண்டலை வயலுக்கு அள்ளிப் போய்விடும். வயலுக்கு நல்லதுதான், வரலாற்றுக்கு அல்ல.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கதைக்கு என் ஓட்டு சேற்றுக்கே. அவசரம் மட்டும் பனிக்கு: உருகினால் ஏடும் போய், விஷமும் ஆற்றில் இறங்கும்.