உட்டோயா கற்றல் மையம்: ஒரு மதிப்புரை

ஒஸ்லோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கரையிலிருந்து 500–600 மீட்டர் தள்ளி இருக்கும் சிறு தீவு உட்டோயா. நோர்வேத் தொழிற்கட்சியின் இளைஞர் அமைப்புக்கு 1950இல் தொழிற்சங்கத்தினர் அன்பளிப்பாகக் கொடுத்த இத்தீவில், 2011 ஜூலை 22 அன்று, கோடை முகாம் நடந்துகொண்டிருந்தபோது, காவல்துறைச் சீருடை அணிந்து வந்த தீவிர வலதுசாரி ஒருவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டுத் தாக்குதலில் 69 பேர் உயிரிழந்தனர். அதற்கு முன் ஒஸ்லோவின் அரசு வளாகத்தில் அவன் வைத்த குண்டுக்கு 8 பேர் பலியாகியிருந்தனர். இன்று அதே தீவில் பள்ளி மாணவர்களுக்கு நடத்தப்படும் மக்களாட்சிப் பயிலரங்குகள் எந்த அளவுக்குப் பயனுடையவை என்பதே இங்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

முதலில் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். 13 பேர் உயிரிழந்த பழைய சிற்றுண்டிச் சாலையை இடித்துவிட இளைஞர் அமைப்பு முதலில் எண்ணியது. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் பலவும் அதை எதிர்த்தன. நீண்ட பேச்சுக்குப் பிறகு, கொலை நடந்த அறைகளை அப்படியே விட்டுவைத்து, அவற்றைச் சுற்றி எர்லென்ட் பிளாக்ஸ்டாட் ஹாஃப்னர் வடிவமைத்த ஹெய்ன்ஹூசெட் என்னும் கற்றல் மையம் 2016இல் எழுந்தது. கூரையைத் தாங்குபவை 69 மரத்தூண்கள். வெளியே வேலிபோல் நெருக்கமாக நிற்பவை, அன்று தீவிலிருந்து உயிர் தப்பியவர்களின் கணக்கில் 495 மரக்கம்பங்கள். இவ்வேலிக்கும் உள்கட்டடத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நடையில் செல்லும்போது கம்பங்களின் இடைவெளியில் வெளிச்சம் கீற்றுக்கீற்றாக விழுகிறது. உள்ளே பழைய சுவர்களில் குண்டு துளைத்த தடங்கள் பூசி மறைக்கப்படாமல் இருக்கின்றன. எண்ணிக்கையை விளக்கப் பலகையில் எழுதாமல் மரத்தில் நிறுத்திக் காட்டியது என் பார்வையில் மிகச் சிறந்த முடிவு.

பயிலரங்கின் பலம் அதன் அமைப்புமுறையில் இருக்கிறது. மாணவர்கள் தம் ஆசிரியர்களுடன் வந்து தங்கி, வெறுப்புப் பேச்சு, பாகுபாடு, கருத்துரிமை ஆகியவற்றைத் தமக்குள் விவாதித்துவிட்டு, ஊர் திரும்பியதும் சக மாணவர்களுக்குத் தாமே பாடம் நடத்துகின்றனர். தீவிரவாதத்தின் பக்கம் சாயும் ஒருவனிடம் முதலில் வெளிப்படும் மாற்றம் பெரும்பாலும் அவனுடைய தோழர்களின் கண்ணில்தான் படும். வீட்டாரும் பள்ளி நிர்வாகமும் பிறகே அறிவர். ஆகவே அத்தோழர்களின் கையில் பாடத்தை ஒப்படைப்பது சரியான இடத்தில் செய்யப்படும் முதலீடு. 2011இல் பிறந்தே இராதவர்களும் கைக்குழந்தைகளாய் இருந்தவர்களுமே இப்போது வரும் வயதினர் என்பதால், நேரில் கண்டவரின் நினைவை மட்டும் நம்பாத இம்முறைக்குத் தேவையும் கூடிவிட்டது. 2015 ஆகஸ்டிலேயே கோடை முகாம் தீவுக்குத் திரும்பிவிட்டது. நினைவிடத்துக்கு அருகிலேயே இளைஞர்கள் கூடிச் சிரித்து விளையாடுவதைச் சிலர் பொருத்தமற்றதாகக் கருதக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

குறை என்று நான் சொல்வது ஒன்றே. மக்களாட்சி என்னும் பொதுச்சொல்லின் நிழலில், கொலையாளியின் இலக்கு எது என்பது சற்றே மங்கிவிடுகிறது. குடியேறியவர்களையும் முஸ்லிம்களையும் வெறுத்த அவன், பல்லினச் சமூகத்தை ஆதரித்த அரசியல் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கொன்றான். அந்தக் கருத்தியல் அவனோடு சிறைக்குள் அடைபட்டுவிடவில்லை என்பதை 2019 ஆகஸ்டில் ஒஸ்லோவுக்கு அருகே பேரும் (Bærum) என்னும் இடத்திலுள்ள மசூதியில் நடந்த தாக்குதல் காட்டியது. குடியேற்றப் பின்னணி கொண்ட பிள்ளைகளும் அமரும் வகுப்பில் இதை இன்னும் வெளிப்படையாகப் பேசலாம்.

நம்மவர்க்கு இத்தீவு அந்நியமன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே சென்ற கம்ஷாயினி குணரத்தினம் அன்று அந்த முகாமில் இருந்தவர். ஏரியில் நீந்தித் தப்பியவர். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராகவும் 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவர் பெயரைப் பெருமையோடு சொல்லும் தமிழ்ப் பெற்றோர், தம் பிள்ளையின் பள்ளி இப்பயிலரங்கில் சேர்ந்திருக்கிறதா என்றும் ஆசிரியரிடம் விசாரிப்பது நல்லது.

படகில்தான் போக வேண்டியிருப்பதால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தீவுக்குச் செல்ல இயலாதவர்கள் எதிர்க்கரையில், படகுத்துறையில் 77 வெண்கலத் தூண்களோடு அமைந்திருக்கும் தேசிய நினைவிடத்தைப் பார்க்கலாம். ஆனால் அங்கே கிடைப்பது அஞ்சலி செலுத்த ஓர் இடம் மட்டுமே. பாடம் தீவில்தான் நடக்கிறது.