ஃபென்வே பார்க்கில் பதின்மூன்று சீசன்கள்: எங்கே அமர்வது என்பதே பாதி ஆட்டம்

2011ஆம் ஆண்டு ஜூலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் சொந்த அரங்கான ஃபென்வே பார்க்கில் நான் பார்த்த முதல் பேஸ்பால் ஆட்டத்தில், பந்து வீசியவரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. எனக்கும் பந்துவீச்சு மேட்டுக்கும் நடுவே பச்சை வண்ணம் பூசிய இரும்புத் தூண் ஒன்று நின்றது. ஒரு பக்கம் சாய்ந்தால் பேட்டர் தெரிவார், மறுபக்கம் சாய்ந்தால் இரண்டாவது பேஸ் (பந்தை அடித்தவர் ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) தெரியும். பிட்சர் மட்டும் மூன்று மணி நேரமும் தூணுக்குப் பின்னாலேயே குடியிருந்தார். மறுவிற்பனையில் ஒருவரிடம் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய டிக்கெட் அது. விற்றவர் தூணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, வாங்கிய எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஆண்டுகளில் டிக்கெட் கிடைத்ததே பெரிது. 2003ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 2013ஆம் ஆண்டு ஏப்ரல் வரை, சீசன் இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து, தொடர்ச்சியாக 820 ஆட்டங்களுக்கு இந்த அரங்கின் டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன.

அன்றிலிருந்து 2024 வரை, பார்வையாளர்களே அனுமதிக்கப்படாத 2020ஐ நீக்கினால், பதின்மூன்று சீசன்களாக ஆண்டுக்கு மூன்று நான்கு ஆட்டங்கள் வீதம் பார்த்து வருகிறேன். புதிதாக பாஸ்டன் பக்கம் வரும் நண்பர்கள் ஒவ்வொரு கோடையிலும் என்னிடம் கேட்பது, எந்த ஆட்டத்துக்குப் போகலாம் என்பதைத்தான். இந்த அரங்கைப் பொறுத்தவரை எந்த இருக்கையில் அமரலாம் என்று முதலில் கேட்பதே சரி. புதிய அரங்குகளில் விலைக்கேற்பத் தூரம் மாறுமே தவிரக் காட்சி பெரிதாக மாறாது. இங்கே இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்தவர் வேறொரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பக் கூடும்.

தூணிலிருந்தே தொடங்குகிறேன். ஃபென்வே பார்க் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி திறக்கப்பட்டது. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. இன்று அமெரிக்காவின் பெரிய லீக் அணிகள் ஆடும் அரங்குகளில் இதுவே மிகப் பழையது. 1934ஆம் ஆண்டு பெருமளவு புதுப்பித்துக் கட்டப்பட்டபோது கிடைத்த உருவத்தைத்தான் இன்றும் பெரும்பாலும் பார்க்கிறோம். கிராண்ட்ஸ்டாண்ட் எனப்படும் கூரையிட்ட பகுதியில், கூரையின் எடையைத் தாங்குவதற்காகத் தூண்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நிற்கின்றன. பிற்காலத்து அரங்குகள் தூண் இல்லாமல் மேல் தளத்தை நிறுத்துவதற்காக அதைப் பின்னுக்குத் தள்ளின. அதனால் மறைப்பு நீங்கியது, ஆனால் மேலே அமர்ந்தவர் ஆட்டத்தைவிட்டு வெகுதூரம் விலகிப் போனார். ஃபென்வேயில் தூணுக்குப் பின்னால் இருப்பவர்கூடக் கேட்சரின் கையுறையில் பந்து விழும் ஓசையைக் கேட்கிறார். இந்தப் பேரத்தில் எனக்கு லாபமா நட்டமா என்று முடிவுசெய்ய மூன்று சீசன்கள் பிடித்தன.

நடைமுறையில் சொல்வதானால், தூணுக்கு மிக அருகே பின்னால் அமர்ந்தால் களத்தின் முக்கியமான துண்டு ஒன்று போய்விடும். அதே தூணிலிருந்து பத்து வரிசை தள்ளி அமர்ந்தால் அது நீட்டிய கையின் ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும், தலையைச் சற்று அசைத்தாலே போதும். ஆகவே கிராண்ட்ஸ்டாண்டில் முன்வரிசை என்பதற்காக அதிகம் கொடுப்பது எப்போதும் நல்ல வாணிபம் அல்ல. வாங்கும் முன் டிக்கெட்டில் பார்வை மறைவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், அந்தப் பகுதி, வரிசை, இருக்கை எண்ணிலிருந்து பிறர் எடுத்த படங்களை இணையத்தில் தேடிப் பார்ப்பதும் எனக்கு இப்போது அனிச்சைச் செயல்களாகிவிட்டன.

தூணைவிடத் தொல்லையான ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலது மூலையில், ஏறத்தாழ முதல் எட்டுப் பகுதிகளில், இருக்கைகள் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டை நோக்காமல், அதற்கு நேரெதிரே தொலைவில் உள்ள நடுக்களத்தை நோக்கி அமைந்திருக்கின்றன. பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே நடப்பதுதான் ஆட்டத்தின் உயிர் என்பதால், அங்கே அமர்ந்தவர் ஒன்பது இன்னிங்ஸும் (இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்து முடிப்பது ஒரு இன்னிங்ஸ்) கழுத்தை இடப்பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். ஆறாவது இன்னிங்ஸில் கழுத்து பேசத் தொடங்கும். படத்தில் களம் முழுவதும் அழகாகத் தெரிவதாலும், விலை சற்றுக் குறைவாக இருப்பதாலும் புதியவர்கள் அங்கேதான் போய் விழுகிறார்கள். கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களுக்கு அந்தப் பகுதியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கிராண்ட்ஸ்டாண்டின் நீல மர நாற்காலிகளும் இக்காலத்து உடம்புக்கு ஏற்றவையல்ல; ஆறடி உயரமுள்ள என் மைத்துனர் அவற்றில் அமர்ந்தால் முழங்கால் எங்கே வைப்பது என்பதே அவருடைய அன்றைய ஆட்டமாகிவிடுகிறது.

இவ்வளவு குறை சொல்பவன் ஏன் திரும்பத் திரும்பப் போகிறான் என்று கேட்டால், இடது களத்துச் சுவரைக் காட்டுவேன். 37 அடி உயரமுள்ள அந்தச் சுவரைப் பச்சை அரக்கன் என்றே அழைக்கிறார்கள். களத்தின் இடது பக்கக் கோட்டில் அது ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடி தொலைவில்தான் நிற்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எல்லைக்கோடு மைதானத்துக்கு மைதானம் மாறுவது புதிதல்ல; ஆனால் எல்லைக்கோடே எழுந்து நின்று ஆட்டத்தில் கலந்துகொள்வதை இங்கேதான் பார்க்கலாம். வேறு அரங்கில் கேட்சாக முடியும் உயரமான பந்து இங்கே சுவரின் தலைக்கு மேலே போய் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) ஆகும். வேறு எங்கும் ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்வான, வேகமான அடி சுவரில் மோதித் திரும்பி வரும். அடித்தவர் இரண்டாவது பேஸோடு நிற்பார், சில வேளைகளில் பந்து அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டதால் முதல் பேஸிலேயே நின்று முகம் சுளிப்பார். பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று தெரிந்து ஆடுவது இடது களத்தில் நிற்பவருக்கு ஒரு தனிக் கலை. டெட் வில்லியம்ஸ், கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, ஜிம் ரைஸ் என்று ஒருவர் பின் ஒருவராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இடத்தை ஆண்டவர்கள் மூவரும் இன்று பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். சுவரின் அடியில் உள்ள ஸ்கோர் பலகையில் இன்றும் எண் தகடுகளைக் கையால்தான் மாட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர் சிறு துவாரத்தின் வழியே ஆட்டத்தைப் பார்ப்பதை மூன்றாம் பேஸ் பக்கத்து முன்வரிசைகளிலிருந்து கவனித்திருக்கிறேன். அதே பலகையின் வெள்ளைக் கோடுகளில், முன்னாள் உரிமையாளர் தம்பதியின் பெயர் முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீடாக எழுதப்பட்டுள்ளன.

2003இல் அந்தச் சுவரின் உச்சியிலேயே இருக்கைகள் போட்டார்கள். ஒரே ஒருமுறை, அலுவலக நண்பர் ஒருவரின் தயவில், அங்கே அமர்ந்தேன். உயரமான முக்காலிகளும் முன்னால் நீண்ட பலகையுமாக வசதியான இடம்தான். ஆனால் சுவருக்கு நேர் அடியில் நடப்பது அங்கிருந்து தெரியாது. இடது களத்து ஆட்டக்காரர் நம் காலடியில் மறைந்துவிடுவார். அரக்கனைப் பார்க்க விரும்புகிறவர் அவன் தோளில் ஏறி உட்காரக் கூடாது. முதல் பேஸுக்குப் பின்புறக் கிராண்ட்ஸ்டாண்டின் நடு வரிசைகளே அதற்கு ஏற்றவை என்பது என் முடிவு. பேட்டரும் பிட்சரும் சுவரும் ஒரே பார்வைக்குள் அடங்குவது அங்கிருந்துதான்.

கூரையில்லாத ப்ளீச்சர் பகுதி வேறு வகை. மலிவு, கூச்சல், வெயில். வலது பக்கத்து ப்ளீச்சரில் மாலை ஆட்டத்துக்கு அமர்ந்தால் சூரியன் இறங்கும்வரை நேராகக் கண்ணுக்குள் அடிக்கும். தொப்பி இல்லாமல் போகக் கூடாது. அங்கே பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக இருக்கும்: பகுதி 42, வரிசை 37, இருக்கை 21. 1946ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே அமர்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்த இடம் அது. நான் ஒருமுறை வாயில்கள் திறந்த அரைமணிக்குள் போய் அந்த இருக்கையில் அமர்ந்து பார்த்தேன். அங்கிருந்து ஹோம் பிளேட் ஒரு தபால்தலை போலத் தெரிந்தது. பகல் ஆட்டங்களில் நடுக்களத்துக்கு நேர்ப் பின்னால் உள்ள இருக்கைகளைக் கறுப்பு விரிப்பால் மூடிவிடுவார்கள். வெள்ளைச் சட்டைக் கூட்டத்தின் பின்னணியில் வெள்ளைப் பந்து பேட்டருக்குத் தெரியாமல் போய்விடும் என்பதே காரணம். இரவில் 37,755 ஆக உள்ள இருக்கை எண்ணிக்கை பகலில் சில நூறு குறைவதன் ரகசியம் இதுதான்.

ஆட்டத்தின் வேகம் 2023இல் மாறியது. பேஸ்களில் ஆள் இல்லாதபோது 15 நொடிக்குள் பந்தை வீசியாக வேண்டும் என்று கடிகாரம் வைத்ததும், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் முந்தைய ஆண்டின் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. மறுநாள் அலுவலகமும் பள்ளியும் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய வரம். ஆனாலும் எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. 2011இல் எனக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர். 1918க்குப் பிறகு ரெட் சாக்ஸின் அடுத்த உலகத் தொடர் (சீசனின் சாம்பியன் பட்டம்) வெற்றிக்கு 2004 வரை, அதாவது 86 ஆண்டுகள் காத்திருந்த ஊரின் மனிதர். ஒவ்வொரு பந்துக்கும் இடையே கிடைத்த அந்தச் சோம்பலான இடைவெளிகளில்தான் அவர் எனக்கு விதிகளையும் பழங்கதைகளையும் சொன்னார். இன்று அவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அடுத்த பந்து வந்துவிடும்.

பருவநிலையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏப்ரல் இரவு ஆட்டம் என்பது குளிர்கால ஆட்டம்தான். கூரைக்கு அடியில் வெயிலும் எட்டாததால் கிராண்ட்ஸ்டாண்டில் இன்னும் உறைக்கும். விதிவிலக்காக ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை, மாசசூசெட்ஸின் தேசபக்தர் தினத்தில், காலை 11 மணிக்குமேல் தொடங்கும் ஆட்டத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கென்மோர் சதுக்கத்தின் வழியே பாஸ்டன் மாரத்தான் ஓடிக்கொண்டிருக்கும். மழை வந்தால் பொறுமை வேண்டும்: ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் நின்றுபோன ஆட்டம் முழு ஆட்டமாகவே கணக்கிடப்படலாம், தொடங்காமலே தள்ளிவைக்கப்பட்டால் அதே டிக்கெட் மறு தேதிக்குச் செல்லும்.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹாட் டாக்தான் இங்கே பிரசாதம். சைவர்களுக்கு வேர்க்கடலை, பாப்கார்ன், வறுத்த உருளைக்கிழங்கு, உப்பு தூவிய பிரெட்ஸல். விலை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கசக்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு பொட்டலம் கடலையோடு நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இடது மூலையில் உள்ள 32, 33ஆம் பகுதிகளைப் பார்க்கலாம்; அங்கே மது அனுமதிப்பதில்லை. ரெட் சாக்ஸின் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணி வரும் நாட்களில் விலையும் ஏறும், நாவும் தடிக்கும்; பிள்ளைகளின் முதல் ஆட்டமாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்த அரங்கில் ஃபவுல் கோட்டுக்கு, அதாவது களத்தின் பக்கவாட்டுக் கோட்டுக்கு, வெளியே உள்ள நிலம் மிகக் குறுகியது என்பதால் தவறிய பந்துகள் கூட்டத்துக்குள் அடிக்கடி வரும். 2018இல் பாதுகாப்பு வலை நீட்டிக்கப்பட்டது என்றாலும் அதற்கு அப்பால் அமர்ந்தவர்கள் கைப்பேசியில் மூழ்கியிருப்பது ஆபத்து. வந்த பந்தை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சிறுவனுக்குக் கொடுத்தால் அந்தப் பகுதியே கைதட்டும்.

காரில் போகாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். நிறுத்துமிடக் கட்டணம் சில நாட்களில் டிக்கெட்டின் விலையோடு போட்டி போடும். நகருக்குள்ளிருந்து வருபவர்கள் சுரங்க ரயிலின் பச்சைத் தடத்தில் பி, சி, டி கிளைகளில் ஏதேனும் ஒன்றில் ஏறிக் கென்மோரில் இறங்கலாம். ஈ கிளை காப்லி நிலையத்துக்குப் பிறகு வேறு பக்கம் திரும்பிவிடும். எங்களைப் போல ஃபிரேமிங்ஹாம், ஆஷ்லண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு வூஸ்டர் செல்லும் புறநகர் ரயில் அரங்கின் அருகிலேயே லான்ஸ்டவுன் நிலையத்தில் நிற்கிறது. எட்டாவது இன்னிங்ஸின் நடுவே மொத்த அரங்கமும் எழுந்து நின்று ஒரு பழைய பாடலைச் சேர்ந்து பாடும். அது முடிந்ததும் ஒரு கூட்டம் வெளியேறத் தொடங்கும். நாங்கள் அப்போது எழுவதில்லை. கடைசி அவுட்டுக்குப் பிறகும் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருந்து, பணியாளர்கள் பந்துவீச்சு மேட்டை மண் போட்டுச் சீராக்கி மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். நெரிசல் வடிந்திருக்கும், ரயிலுக்கு நேரமும் சரியாக இருக்கும். தூண்கள் நிறைந்த அந்த மர நாற்காலிகளில் எங்கு வேண்டுமானாலும் போய் உட்கார முடிவது அந்த இருபது நிமிடத்தில்தான்.