34 பல்லிலிருந்து 30 பல்லுக்கு: டூரிங் பைக்கில் பிரைமரி ஸ்பிராக்கெட் மாற்றிய அனுபவம்

என்ஜின் பக்கத்து ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தில், பல்லைக் குறைத்தால் வண்டி நன்றாக இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கியரில் இழுக்கும், அதற்கு ஈடாக எதை இழக்க வேண்டும் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். நெடுநாள் ஓட்டிப் பார்த்தபின் என் கணக்கு இதுதான்: லாபம் முழுவதும் முதல் கியரில் இருக்கிறது, நஷ்டம் முழுவதும் ஆறாவது கியரில் இருக்கிறது. நடுவில் உள்ளவை கிட்டத்தட்ட சரிக்குச் சரி. உங்கள் பயணங்களில் முதல் கியருக்கு வேலை அதிகமா, ஆறாவது கியருக்கு வேலை அதிகமா என்பதைப் பொறுத்துத்தான் இந்த மாற்றம் தேவையா இல்லையா என்பது முடிவாகும்.

என்னுடையது ஹார்லி டேவிட்சனின் ட்வின் கேம் என்ஜின் கொண்ட டூரிங் வண்டி, ஆறு கியர். 96 கன அங்குலமாக, அதாவது 1584 சிசியாக இருந்த என்ஜினைச் சிலிண்டர் துளை பெருக்கி 103 கன அங்குலமாக, 1690 சிசியாக மாற்றியிருக்கிறேன். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் மாறியது. புதிய கேம் நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மேல்தான் உற்சாகம் காட்டுகிறது. அதற்குக் கீழே முனகுகிறது. பின்னால் ஒருவர், இரு பக்கப் பெட்டிகள், மேலே ஒரு பெட்டி. இந்தச் சுமையோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்சைப் பாதி பிடித்தபடி வெகுதூரம் போக வேண்டியிருந்தது. மாற்றத்தை யோசிக்க வைத்தது அதுதான்.

பெரும்பாலான பைக்குகளில் கிராங்க் தண்டிலிருந்து கிளட்சுக்குச் சக்தியை எடுத்துச் செல்வது ஒரு ஜோடிப் பற்சக்கரங்கள். அதில் யாரும் சாதாரணமாகக் கைவைக்க மாட்டார்கள். விகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் பின்சக்கரச் செயினின் ஸ்பிராக்கெட்டுகளை மாற்றுவார்கள். பழைய புல்லட்டைப் போல, ஹார்லியிலும் அந்த இடத்தில் எண்ணெயில் நனைந்து ஓடும் செயின் இருக்கிறது. இந்த இணைப்பைத்தான் பிரைமரி என்கிறார்கள். என் வண்டியில் கிராங்க் பக்கம் 34 பல், கிளட்ச் பக்கம் 46 பல், விகிதம் 1.353; அதாவது கிளட்ச் ஒருமுறை சுற்ற என்ஜின் 1.353 முறை சுற்ற வேண்டும். 1999 முதல் 2006 வரையிலான ஐந்து கியர் டூரிங் வண்டிகளில் இது 25க்கு 36, அதாவது 1.44. ஆறாவது கியர் வந்தபோது பிரைமரியையும் சேர்த்து நீட்டிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் என்ஜின் சோம்பலாகச் சுற்றட்டும் என்பது அவர்கள் எண்ணம். காலிப் பெட்டிகளோடு தனியாக ஓட்டுபவருக்கு அது நல்ல எண்ணம்தான்.

30 பல் போட்டால் பிரைமரி விகிதம் 1.533 ஆகிறது, பதின்மூன்று சதவீத உயர்வு. பின்சக்கரத்துக்குப் போகும் பெல்ட்டில் முன்புல்லி 32, பின்புல்லி 68. இதே பதின்மூன்று சதவீதத்தைப் பின்பக்கத்தில் எடுக்க வேண்டுமென்றால் பின்புல்லிக்கு 77 பல் வேண்டும். அவ்வளவு பெரிய புல்லிக்கு இடமும் இல்லை, இருக்கிற பெல்ட் நீளமும் போதாது. முன்புல்லியை 28 ஆக்கலாம் என்றால் பெல்ட் அதிகமாக மடங்க வேண்டும். மடங்க மடங்க அதன் ஆயுள் குறையும். பின்புல்லியை மட்டும் 70 ஆக்கினால் கிடைப்பது மூன்று சதவீதம். அது சவாரியில் தெரியவே தெரியாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது பிரைமரிதான்.

எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பழைய அமைப்பில் என்ஜினிலிருந்து பின்சக்கரம் வரையிலான மொத்த விகிதங்கள்: முதல் கியர் 9.593, ஐந்தாவது 3.407, ஆறாவது 2.875. 30 பல்லில் முதல் கியர் 10.87 ஆகிறது, ஆறாவது 3.258. புதிய ஆறாவது பழைய ஐந்தாவதை ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். அதாவது எனக்குக் கிடைத்தது ஏற்கெனவே இருந்த ஐந்தாவதைவிட என்ஜின் சற்றே மெதுவாகச் சுற்றும் ஓர் ஆறாவது. பழைய ஆறாவது போய்விட்டது. ‘ஆறாவதில் மந்தமாக இருக்கிறது, அதனால் ஸ்பிராக்கெட் மாற்றப் போகிறேன்’ என்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஐந்தாவதிலேயே ஓட்டுங்கள், செலவு மிச்சம். ஆறாவதின் மந்தத்தைத் தீர்க்க இந்த வேலையில் இறங்குவது வீண்.

முதல் கியரின் கதை வேறு. அதற்குக் கீழே இறங்க இன்னொரு கியர் கிடையாது. என் பின்டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். 1000 சுற்றில், கிளட்சை முழுதாக விட்ட நிலையில், பழைய வண்டி மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டரில் ஓடும்; இப்போது பதினொன்று. ஒன்றரைக் கிலோமீட்டர் என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் வளைவான ஏற்றத்தில், முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் ஆள் அமர்ந்திருக்க, கிளட்சை முழுதாக விட்டுவிடலாமா இல்லையா என்பதை அந்த ஒன்றரைதான் தீர்மானிக்கிறது. முன்பு கிளட்சைத் தேய்த்துக்கொண்டு போன இடங்களில் இப்போது விரலை எடுத்துவிட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். இறுக்கமான திருப்பங்களில் வண்டி முன்போல் முன்னால் தள்ளிக்கொண்டு ஓடுவதில்லை.

ஆறாவதில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முன்பு சுமார் 2400 சுற்று, இப்போது 2700. என் கேமுக்கு இது பிடித்த இடம். லாரியைத் தாண்ட கியர் குறைக்கத் தேவையில்லை. 120இல் சுற்று 2900 அளவிலிருந்து 3250ஐ நெருங்குகிறது. என்ஜின் ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால் கைப்பிடியில் அதிர்வு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் காது கண்டுபிடித்துவிடுகிறது. நீண்ட, தட்டையான, வெறிச்சோடிய சாலையில் இடதுகால் தானாகவே இன்னொரு கியரைத் தேடும். இல்லாத ஏழாவதைத் தேடுகிற அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் முழுதாக விடவில்லை. எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. எதிர்காற்று, முன்கண்ணாடியின் உயரம், நம் கை ஆகியவை செய்யும் வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இது சிறியது.

பலர் பேசாமல் விடும் பகுதி கிளட்ச். பின்சக்கரப் பக்கம் விகிதத்தை மாற்றினால் கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் அது தெரியாது. எல்லாம் அவற்றுக்குப் பிறகு நடப்பது. பிரைமரியில் மாற்றினால் முறுக்குவிசை பெருகுவது கிளட்சுக்கு முன்னாலேயே. என்ஜின் 130 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 34 பல்லில் கிளட்ச் தாங்க வேண்டியது 176. 30 பல்லில் 199. என்ஜினையும் பெரிதாக்கிவிட்டு இதையும் செய்தால் இரண்டும் சேர்ந்து கிளட்சின் மேல்தான் விழும். அதனால் ஸ்பிராக்கெட் வாங்கும்போதே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் டயஃபிரம் ஸ்பிரிங்கில் கடினமான ஒன்றையும் புதிய உராய்வுத் தட்டுகளையும் சேர்த்தே வாங்கினேன். கிளட்ச் லீவர் கொஞ்சம் கனத்துவிட்டது. ஆனால் லீவரைப் பாதி பிடித்தபடி ஓட்டும் நேரம் குறைந்துவிட்டதால் நாள் முடிவில் கைக்கு வலி முன்பைவிடக் குறைவு. கியர்பாக்ஸின் உள்தண்டுக்கும் பெல்ட்டுக்கும் இதே பதின்மூன்று சதவீதம் போய்ச் சேருகிறது என்பதை மறக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரை வெறித்தனமாக முறுக்குபவருக்கு இது ஏற்ற மாற்றம் அல்ல.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. வண்டி நிற்கும்போது நியூட்ரலிலிருந்து முதல் கியர் போட்டால் இந்த வண்டிகளில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். ஐடிலில் 1000 சுற்று என்றால் கிளட்ச் கூடை (தட்டுகளைத் தாங்கும் வெளிக்கூடு) முன்பு 739 சுற்றில் சுழன்றது, இப்போது 652. அந்த டொக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இதற்காக யாரும் செலவு செய்ய மாட்டார்கள்; வந்ததை வேண்டாம் என்று சொல்வானேன்.

மாட்டும் வேலையைப் பற்றி. செயின் முடிவில்லாத வளையம் என்பதால் ஸ்பிராக்கெட்டை மட்டும் தனியாக உருவ முடியாது. என்ஜின் ஸ்பிராக்கெட், செயின், கிளட்ச் கூடை மூன்றும் ஒன்றாகவே வெளியே வர வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்து, எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை எடுத்த பிறகு இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் நடுவே பூட்டுக்கட்டையை வைக்க வேண்டும். கிராங்க் பக்கத்துப் போல்ட் வழக்கமான வலது மரை. கிளட்ச் பக்கத்து நட் இடது மரை. வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். கட்டையை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் இதைப் பொறுத்து மாறும். என்ஜின் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் ரோட்டரை, அதாவது மின்சாரம் உண்டாக்கும் அமைப்பின் சுழலும் பகுதியை, கழற்ற நேர்ந்தால் கவனம் தேவை. அதன் காந்தங்கள் திரும்ப மாட்டும்போது அதன் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் மேல் சட்டென்று பாய்ந்து ஒட்டும். விளிம்பில் விரல் இருந்தால் நகம் கறுத்துவிடும். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு அது மாறியிருக்கிறது, கேள்விப்பட்ட எண்ணை நம்பி இறுக்கக் கூடாது.

நான்கு பல் குறைந்ததும் செயின் எங்கே போகும்? ஸ்பிராக்கெட்டில் சுற்றியிருந்த நீளம் குறைந்துவிடுவதால் கிட்டத்தட்ட இரண்டு கண்ணி அளவுக்கு மிச்சம் விழுகிறது. அதை டென்ஷனர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது செயின் இரண்டு கண்ணி குட்டையாக வேண்டும். வாங்கும் ஸ்பிராக்கெட் எந்த நீளச் செயினுக்கு, எந்த டென்ஷனருக்கு என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். டென்ஷனர் தன் எல்லையில் நின்றபடி வேலை செய்தால் செயின் தேய்ந்து நீளும்போது அதற்கு நகர இடம் இருக்காது. கையால் சரிசெய்யும் பழைய வகை டென்ஷனர் உள்ளவர்கள் தளர்வை அளந்தே வைக்க வேண்டும்: குளிர்ந்த நிலையில் 16 முதல் 22 மில்லிமீட்டர், சூட்டில் 10 முதல் 16. பல இடங்களில் சக்கரத்தைத் திருப்பி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

என்ஜின் பக்கத்து ஸ்பிராக்கெட் வெறும் பல் தட்டு அல்ல; அதற்குள் சரிவுகளும் ஸ்பிரிங் வளையங்களும் கொண்ட காம்பன்சேட்டர் இருக்கிறது. 45 டிகிரி வி இரட்டை என்ஜின் 315 டிகிரிக்கு ஒருமுறையும் 405 டிகிரிக்கு ஒருமுறையுமாக மாறி மாறி வெடிப்பதால் வரும் இடிகளை அதுதான் உள்வாங்குகிறது. எடை குறையும், பழுது குறையும் என்று அதை எடுத்துவிட்டு ஒரே துண்டாக இறுகிய ஸ்பிராக்கெட் போடுபவர்கள் உண்டு. சுமை ஏற்றி நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த இடிகள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். பல் குறைந்ததால் செயின் ஓட்டம் கரடாகும் என்ற பயமும் தேவையில்லை. செயின் வட்டமாக அல்லாமல் பலகோணமாகச் சுற்றுவதால் வரும் வேக ஏற்ற இறக்கம் 34 பல்லில் 0.43 சதவீதம், 30 பல்லில் 0.55. கணக்கில்தான் தெரியும்.

ஸ்பீடோமீட்டரை நான் தொடவில்லை. வேக சென்சார் கியர்பாக்ஸின் வெளிச்செல்லும் பக்கத்தோடு இணைந்த பற்சக்கரத்தைப் பார்த்து எண்ணுவதால் பிரைமரியை என்ன செய்தாலும் காட்டும் வேகம் மாறாது. புல்லியை மாற்றியிருந்தால் அதைத் திருத்தியாக வேண்டும். ஆனால் என்ஜின் சுற்றையும் வண்டி வேகத்தையும் ஒப்பிட்டு எந்தக் கியர் என்று கணிக்கிற கணினி குழம்பும். புதிய ஆறாவதை அது பழைய ஐந்தாவது என்றே நினைத்துக்கொள்ளும். ஆறாவதைக் காட்டும் விளக்கு எரியாமல் போகலாம். டியூனிங் செய்பவரிடம் புதிய பிரைமரி விகிதத்தைச் சொல்லி அட்டவணையில் மாற்றச் சொல்லுங்கள். கேம் மாற்றியவர் எப்படியும் அவரிடம் போகத்தான் வேண்டும்; இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம்.

பிரைமரி எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வடிகால் போல்ட்டின் காந்தத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். மாற்றத்துக்குப் பிந்தைய முதல் வடிப்பில் சாம்பல் நிறப் பசை தாராளமாக இருந்தது; புதுப் பற்களும் செயினும் ஒன்றுக்கொன்று பழகும்போது அது இயல்பு. அடுத்தடுத்த தடவைகளில் மெல்லிய படலமாகக் குறைந்தது. விரலில் குத்தும் துகள் எதுவும் வந்ததில்லை. வந்தால் மூடியைக் கழற்றாமல் விடப்போவதில்லை. பார்வைத் துளை வழியே கிளட்ச் தட்டுகளைப் பார்த்தபோது கருகிய நிறமோ வாடையோ இல்லை.